பிளாக்கரன்ட் நிரபராதி அல்ல

அமெரிக்காவில் பிளாக்கரன்ட் பழத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் ஜாமாகவும் பழரசமாகவும் மதுவாகவும் வீட்டுக்கு வீடு புழங்கும் பழம் இது. வைட்டமின் சி நிறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, மரவியாபாரிகளின் நெருக்குதலுக்குப் பணிந்து, இந்தச் செடியைத் தடைசெய்தது. காடு காடாக ஆட்களை அனுப்பிச் செடிகளைப் பிடுங்கவைத்தது. ஒன்றும் பலிக்கவில்லை. 1966-இல் மத்திய அரசே தடையைக் கைவிட்டது. ஆனாலும் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்கள் இன்னும் தடையோ அனுமதிச் சீட்டோ வைத்துக்கொண்டு விவசாயிகளை அலைக்கழிக்கின்றன. நோய் எதிர்ப்பு ரகங்கள் வந்துவிட்ட பிறகும் இதெல்லாம் எதற்கு?

தோட்டக்கலை இதழ்களிலும் உணவுப் பத்திகளிலும் இதைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். மறுத்து எழுதுகிறவர்கள் அரிது. இந்தக் கதையில் ஆண்டுகள் சரி, பழத்தின் சுவையும் சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவு மட்டும் தவறு. அதை நம்பி மிச்சமிருக்கும் சட்டங்களையும் கலைத்துவிட்டால், இழக்கப்போவதை நம் ஆயுளில் திரும்பப் பெற முடியாது.

முதலில், இந்தத் தடைக்குக் காரணமான நோயைப் பார்க்க வேண்டும். கதை சொல்கிறவர்கள் அவசரமாகக் கடந்துபோகும் இடம் அதுதான். வெண்பைன் கொப்புளத் துரு நோய்க்குக் காரணம் குரோனார்டியம் ரிபிகோலா என்ற பூஞ்சை. அதன் பூர்வீகம் ஆசியா. உயிர்வாழ அதற்கு இரண்டு வகைத் தாவரங்கள் வேண்டும். ஒன்று, கொத்துக்கு ஐந்து ஊசியிலை விடும் பைன் மரங்கள். மற்றொன்று ரைபீஸ் இனச் செடிகள். பிளாக்கரன்ட், ரெட்கரன்ட், கூஸ்பெரி மூன்றும் இந்த இனம்தான் (நம் ஊர் நெல்லிக்கும் கூஸ்பெரிக்கும் உறவு ஒன்றுமில்லை).

வித்து பைனின் ஊசியிலை வழியாக உள்ளே போகிறது. அங்கிருந்து கிளைக்கு, கிளையிலிருந்து அடிமரத்துக்கு மெல்ல இறங்குகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் பட்டை புண்ணாகி, வசந்த காலத்தில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள் வெடிக்கின்றன. புண் அடிமரத்தைச் சுற்றி வளைத்துவிட்டால் அதற்கு மேலே உள்ள மரம் செத்துப்போகும். இளங்கன்றாக இருந்தால் சில ஆண்டுகளில் முழு மரமும் போய்விடும். கொப்புளத்திலிருந்து பறக்கும் வித்துகள் இன்னொரு பைனைத் தொற்ற முடியாது. அவை ரைபீஸ் செடியின் இலையில்தான் இறங்க வேண்டும். அங்கே கோடை முழுவதும் இலைக்கு இலை, செடிக்குச் செடி பெருகி, கோடை முடிவில் வேறு வகை வித்துகளை உண்டாக்கும். பைனைத் தொற்றுவது அந்தக் கடைசி வகை மட்டும்தான்.

இந்த இரண்டு பயணங்களும் ஒரே தூரம் அல்ல. பைனிலிருந்து கிளம்பும் வித்து தடித்த தோல் கொண்டது. காற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போனாலும் சாகாது. அதைத் தடுக்க எந்த அரசாலும் முடியாது. செடியிலிருந்து பைனுக்குக் கிளம்பும் வித்தோ மெல்லிய தோல் கொண்டது. வெயில் பட்டால் காய்ந்துவிடும். குளிர்ந்த, ஈரமான இரவுகளில்தான் அதற்கு வாழ்வு. பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் ஒரு பைன் கிடைக்காவிட்டால் அதன் கதை முடிந்தது. எனவே செடியையும் மரத்தையும் தள்ளிவைத்தால் சங்கிலி அறுந்துவிடும். கிழக்கு மாநிலங்களில் பைன் தோப்பிலிருந்து 900 அடிக்குள் எந்த ரைபீஸ் செடியும், ஒரு மைலுக்குள் பிளாக்கரன்ட்டும் இருக்கக் கூடாது என்று விதித்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். பிளாக்கரன்ட்டுக்கு மட்டும் கூடுதல் தூரம் கேட்டதற்கும் காரணம் உண்டு. ரைபீஸ் இனத்திலேயே இந்தப் பூஞ்சைக்கு மிகச் சுலபமாக இடம்கொடுப்பது ஐரோப்பியப் பிளாக்கரன்ட். இலைகளின் அடிப்புறம் முழுக்கத் துரு பூத்துக் கிடக்கும். இதை ஒரு மூடச் சட்டம் என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர் இந்த இரண்டு தூரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள்?

எதிர்த்தரப்பு சரியாகச் சொல்லும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பூஞ்சையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது பழச்செடி விவசாயி அல்ல. வெட்டித் தீர்த்த காடுகளை மறுபடி வளர்க்க வெண்பைன் நாற்றுகள் தேவைப்பட்டன. ஐரோப்பிய நாற்றுப்பண்ணைகளில் அவை மலிவு. அமெரிக்காவின் சொந்த மரத்தை ஐரோப்பாவில் நாற்றாக்கி மறுபடி அமெரிக்காவுக்கே இறக்குமதி செய்தார்கள். 1906-இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா நகரில் ரைபீஸ் செடிகளில் இந்தத் துரு கண்டறியப்பட்டது. 1909-இல் ஜெர்மனியிலிருந்து வந்த பைன் நாற்றுகளிலேயே நோய் இருப்பது தெரிந்தது. 1910-இல் பிரான்ஸிலிருந்து வான்கூவருக்கு வந்த நாற்றுகள் மேற்குக் கரையில் அதை இறக்கிவிட்டன. அங்கே நோய் இருப்பதை 1921-இல்தான் கண்டுபிடித்தார்கள். நாற்று இறக்குமதியைத் தடுக்கும் அதிகாரமே அமெரிக்க அரசுக்கு 1912-இல் இயற்றிய தாவரக் குவாரன்டைன் சட்டத்தில்தான் கிடைத்தது. அதன் கீழ் போட்ட முதல் குவாரன்டைன் ஆணை இந்த நோய்க்குத்தான். அதற்குள் எல்லாம் கைமீறியிருந்தது.

ஆகவே முதல் குற்றம் துறைமுகத்தில் நடந்தது, வனத்துறையும் நாற்று வணிகமும் சேர்ந்து செய்தது. இதை யார் சொன்னாலும் ஆமோதிப்பேன். ஆனால் நோய் எந்த வழியில் வந்தது என்பது ஒரு கேள்வி, வந்த பிறகு எதன்மேல் பெருகுகிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை வைத்து இரண்டாவதில் பிளாக்கரன்ட்டை விடுதலை செய்யப் பார்க்கிறார்கள். வந்தது நாற்றில்தான். அதை ஆண்டுதோறும் மரத்துக்குத் திருப்பி அனுப்புவது செடி.

“ஐரோப்பியர்கள் காலங்காலமாகப் பிளாக்கரன்ட் வளர்க்கவில்லையா? அவர்கள் காடெல்லாம் அழிந்தா போயிற்று?” என்பது அடுத்த கேள்வி. கேட்கிறவர்களுக்கு ஐரோப்பாவின் மரங்களைத் தெரியாது. ஐரோப்பாவின் சொந்த ஐந்தூசிப் பைன்கள் இரண்டே. ஆல்ப்ஸ் மலையின் செம்ப்ரா பைன் ஒன்று, பால்கன் நாடுகளின் மாசிடோனியப் பைன் மற்றொன்று. இரண்டுமே இந்தத் துருவை நன்றாகத் தாங்குபவை. தாங்காதது, அமெரிக்காவிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் கொண்டுபோய் நட்ட வெண்பைன். நோய் பரவியபோது அங்கே வெண்பைன் நடுவதைக் கைவிட்டார்கள், பிளாக்கரன்ட்டை வைத்துக்கொண்டார்கள். வெளியூர் மரத்தைவிட உள்ளூர்ப் பழம் அவர்களுக்குப் பெரிது. அந்த முடிவு அவர்களுக்குச் சரி. அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே மரம் மண்ணின் சொந்தம், ஐரோப்பியப் பிளாக்கரன்ட் வந்தேறி. அதே தராசை வைத்து அமெரிக்கா எதிர்த் தட்டைத் தேர்ந்தது. ஐரோப்பா தேர்ந்ததைப் பகுத்தறிவு என்றும் அமெரிக்கா தேர்ந்ததை வியாபாரிகளின் சதி என்றும் சொல்வதில் எந்த நியாயமும் இல்லை.

சதி என்று சொல்கிறவர்கள் வர்ஜீனியா மாநிலத்தின் வழக்கு ஒன்றையும் படிக்க வேண்டும். அங்கே ஆப்பிள் மரங்களைத் தாக்கும் வேறொரு துரு நோய் செஞ்சீடர் மரங்களில் தங்கிப் பரவுகிறது. 1914-இல் அந்த மாநிலம் இயற்றிய சட்டம், ஆப்பிள் தோட்டங்களுக்கு அருகில் உள்ள சீடர் மரங்களை வெட்டச் சொல்லும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. மரத்துக்கு நஷ்டஈடு கிடையாது. உரிமையாளர்கள் வழக்கு தொடுத்தார்கள். 1928-இல் மில்லர் எதிர் ஷோன் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. இரண்டு தாவரங்களில் ஒன்றைக் காக்க மற்றதை இழந்தே ஆக வேண்டிய நிலையில், ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அங்கே வென்றது பழம், தோற்றது காட்டுமரம். அதைப் பழவியாபாரிகளின் கொடுமை என்று எந்த உணவுப் பத்தியும் எழுதிப் படித்ததில்லை. மரத்துக்காகச் செடியை விலக்கினால் மட்டும் அநியாயம் ஆகிவிடுகிறது.

இனி, செடி பிடுங்கியது வீண் என்ற வாதம். இதுதான் அவர்களுடைய பெரிய ஆயுதம், இதில் பாதி உண்மையும் இருக்கிறது. 1930களில் வேலையற்ற இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய பொதுப்பணிப் படை, மேற்கு மலைகளில் வரிசை கட்டிச் சரிவு சரிவாக ஏறி ரைபீஸ் செடிகளைக் கொத்திப் பிடுங்கியது. போருக்குப் பிறகு களைக்கொல்லி தெளித்தார்கள். 1950களின் கடைசியிலிருந்து மரங்களின்மேல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தெளித்துப் பார்த்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. அந்த மலைகளில் ரைபீஸ் வகைகள் ஏராளம். வேர்த்துண்டு மிச்சமிருந்தாலும் துளிர்க்கும். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, காட்டுத்தீக்குப் பிறகு முளைக்கும். போதாக்குறைக்கு, பெடிகுலாரிஸ், காஸ்டிலேயா என்ற வேறு இரு காட்டுச் செடியினங்களிலும் இந்தப் பூஞ்சை வாழ முடியும் என்று 2000களில் இடாஹோ காடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. 1960களின் இறுதியில் மேற்கில் செடி பிடுங்கும் வேலையை நிறுத்தினார்கள். நிறுத்தியது சரி.

ஆனால் அது மேற்கு. கிழக்கு மாநிலங்களின் கதை வேறு. காட்டு ரைபீஸ் அங்கே குறைவு. நிலம் சரிவு குறைந்தது. தோப்புகளுக்கு ஆட்கள் எளிதில் போய்வரலாம். பிடுங்கிய இடத்துக்குச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போய் மறுபடி பிடுங்க முடிந்தது. மெய்ன் மாநிலத்தில் எழுபது ஆண்டுகள் நடந்த அந்த வேலையை ஆராய்ந்து 1988-இல் ஓர் ஆய்வு வெளியானது. செடிகளை அகற்றிவந்த தோப்புகளில் நோய் கண்ட மரங்கள், அகற்றாத தோப்புகளில் இருந்ததில் பாதிக்கும் குறைவு. மேற்கின் தோல்வியைச் சொல்கிறவர்கள் இந்த ஆய்வைச் சொல்வதில்லை. இடாஹோவின் செங்குத்துச் சரிவுகளில் நடந்ததை வைத்து மெய்ன் மாநிலத்தின் தோப்புகளுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள். 1966-இல் மத்திய அரசு விலகியதையும் இப்படித்தான் திரிக்கிறார்கள். நாடு முழுமைக்கும் ஒரே தடை பொருந்தாது, பைன் உள்ள மாநிலங்கள் தங்கள் நிலத்துக்கு ஏற்ப முடிவெடுக்கட்டும் என்று விட்டார்கள். பிளாக்கரன்ட் பாதுகாப்பானது என்று அப்போது யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

“காட்டில் ரைபீஸ் இருக்கத்தானே செய்கிறது, என் தோட்டத்தில் பத்துச் செடி கூடினால் என்ன?” என்று கேட்பார்கள். காட்டு ரைபீஸ் மரநிழலில் சிதறி வளர்வது. தோட்டத்துப் பிளாக்கரன்ட் வரிசை வரிசையாக, உரமும் நீரும் பெற்று, இலை அடர்ந்து நிற்பது. பைன் வித்து எவ்வளவு தொலைவிலிருந்து வந்தாலும் முதலில் பிடித்துக்கொள்ளும் இலையும் அதுதான், அதிகம் பெருக்கித் தரும் இலையும் அதுதான். சட்டம் தொடக்கூடியதும் அந்தச் செடி ஒன்றுதான். காட்டில் தானாக முளைப்பதற்கு யாரும் அனுமதிச் சீட்டு கேட்க முடியாது. கட்டுப்படுத்த முடியாதது ஒன்று இருக்கிறது என்பதற்காகக் கட்டுப்படுத்த முடிந்ததையும் கைவிடச் சொல்வது என்ன வாதம்?

நோய் எதிர்ப்பு ரகங்களுக்கு வருகிறேன். ஒட்டாவாவில் கனடா அரசின் ஆராய்ச்சிப் பண்ணையில் ஆசியப் பிளாக்கரன்ட் ஒன்றோடு கலந்து கான்சார்ட், குருசேடர், கொரோனெட் என்ற ரகங்களை உருவாக்கினார்கள். பின்னால் ஸ்வீடனிலிருந்து டைட்டானியா வந்தது. இவற்றின் எதிர்ப்புக்கு ஒரே ஒரு மரபணுதான் அடிப்படை. சி-ஆர் என்று அதற்குப் பெயர். இந்த ரகங்களைத் துரு தொடவே தொடாது என்று நாற்றுப் பட்டியல்களில் அச்சிட்டார்கள். அந்த ஒற்றை வாக்குறுதியை நம்பித்தான் பல மாநிலங்கள் கதவைத் திறந்தன. நியூயார்க் 2003-இல் தடையைத் தளர்த்தியபோதும் அந்த நம்பிக்கை பின்னணியில் இருந்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கனெக்டிகட் மாநிலத்தில், துரு தொடாது என்று விற்ற அதே செடிகளின் இலைகளில் துரு பூத்தது. பூஞ்சையில் சி-ஆர் மரபணுவை மீறும் புதிய வகை உருவாகிவிட்டது.

இதில் வியக்க ஒன்றுமில்லை. இதே பூஞ்சை இதே வேலையை முன்பே செய்து காட்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவின் சுகர் பைனில் ஒற்றை எதிர்ப்பு மரபணு இருப்பதை போஹன் கின்லாக் என்ற வன மரபியலாளரும் அவருடைய தோழர்களும் 1970-இல் அறிவித்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஹேப்பி கேம்ப் என்ற இடத்தில் அந்த மரபணுவை உடைத்த பூஞ்சை வகை வந்துவிட்டது. ஒற்றை மரபணு என்பது ஒற்றைத் தாழ்ப்பாள். துருப் பூஞ்சைகளோடு பழகிய எந்தப் பயிர் நோயியல் நிபுணரும் இதைச் சொல்வார். அப்படியிருக்க, கனெக்டிகட்டுக்குப் பிறகும் “எதிர்ப்பு ரகம் இருக்கிறதே” என்று எழுதுவது வாசகருக்குச் செய்கிற துரோகம். எதிர்ப்பு ரகம் என்ற நம்பிக்கையில் பைன்களின் பக்கத்திலேயே நட்ட செடிகள் இன்று எந்தப் பாதுகாப்பும் இன்றி நிற்கின்றன. புதிய பூஞ்சை வகையைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததும் அந்தச் செடிகளே.

மரவியாபாரிகளுக்காகப் போட்ட சட்டம் என்பவர்கள் வைட்பார்க் பைனைப் பார்க்கட்டும். ராக்கி மலைகளிலும் காஸ்கேட் மலைகளிலும் மரவரம்பை ஒட்டிய உச்சிகளில், காற்றில் முறுக்கிக்கொண்டு நிற்கும் மரம் அது. பலகைக்கு உதவாது. எந்த வியாபாரிக்கும் அது வேண்டாம். அதன் விதையைக் கிளார்க்ஸ் நட்கிராக்கர் என்ற பறவை கொத்தி எடுத்து மண்ணில் புதைத்துவைக்கிறது. பறவை மறந்த விதைகள்தான் அடுத்த தலைமுறை மரங்கள். அணில்கள் சேர்த்துவைத்த காய்களைத் தோண்டித் தின்றுதான் யெல்லோஸ்டோன் வட்டாரத்துக் கரடிகள் குளிர்காலத்துக்குக் கொழுப்பு ஏற்றுகின்றன. பனி மெல்ல உருகி ஆறுகளுக்குப் போவதற்கும் அந்த மரங்களின் நிழல் வேண்டும். வண்டுத் தாக்குதலும் வெப்பமாதலும் காட்டுத்தீயும் ஒருபக்கம் இருக்க, அதைக் கொன்றுகொண்டிருக்கும் முதல் காரணம் இந்தத் துரு. 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு அதை அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. கனடா அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே சேர்த்துவிட்டது. அங்கே செடிச் சட்டம் எதுவும் உதவாது, காட்டு ரைபீஸ் மலையெங்கும் கிடக்கிறது. செடியும் மரமும் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டால் இந்தப் பூஞ்சை என்ன செய்யும் என்பதை அந்த உச்சிகளில் போய்ப் பார்க்கலாம். கிழக்கில் இன்னும் பிரித்துவைக்க முடிகிறது. முடிகிற இடத்திலாவது பிரித்துவைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பழவிவசாயிகளின் மனக்குறையை நான் அலட்சியம் செய்யவில்லை. அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களுக்கு இது புரியும். ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பசுமை நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழ்கிறது என்பதால், கலிஃபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் டெக்ஸாஸிலும் கறிவேப்பிலைக் கன்றை நினைத்த இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. கொல்லைப்புறச் செடிக்கு இவ்வளவு கெடுபிடியா என்று நம்மவர்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஃபுளோரிடாவில் 1998-இல் அந்தப் பூச்சி தென்பட்ட பிறகு அதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்ததில் பெரிய பங்கு, கறிவேப்பிலையின் உறவான ஆரஞ்சு ஜாஸ்மின் என்ற அழகுச் செடிக்கு. கடைகளில் அது தாராளமாக விற்றது. 2005-இல் நோயும் வந்துசேர்ந்தது. அதன் பின் அந்த மாநிலத்தின் ஆரஞ்சு விளைச்சல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ஒரு செடியைத் தாமதமாகக் கட்டுப்படுத்தியதற்குக் கொடுத்த விலையில் அதுவும் சேர்த்தி.

விவசாயிகள் சொல்வதில் நியாயமான புகார் ஒன்று உண்டு. பழைய சட்டங்கள் ரைபீஸ் இனம் முழுவதையும் ஒரே கண்ணால் பார்த்தன. ரெட்கரன்ட்டும் கூஸ்பெரியும் பிளாக்கரன்ட் அளவுக்கு நோய் பெருக்குபவை அல்ல. பைன் இல்லாத வட்டாரத்தில் அவற்றைத் தடுப்பதில் பொருளில்லை. மெய்ன் மாநிலம் பிளாக்கரன்ட்டை மாநிலம் முழுவதும் தடுத்துவிட்டு, மற்ற ரைபீஸ் வகைகளைப் பைன் மிகுந்த தெற்குப் பகுதிகளில் மட்டும் தடுப்பது இதை உணர்ந்துதான். இந்த அளவுக்குப் பிரித்துப் பார்க்கும் சட்டத்தைத்தான் அதிகாரிகளின் பிடிவாதம் என்று எழுதுகிறார்கள்.

சட்டத்தை நீக்கிப் பார்ப்போம், தவறென்றால் மறுபடி கொண்டுவருவோம் என்பவர்கள் இரண்டு தாவரங்களின் வயதைக் கணக்கில் எடுப்பதில்லை. பிளாக்கரன்ட் நட்ட சில ஆண்டுகளில் காய்த்துவிடும். தடையால் ஒரு விவசாயி இழப்பது அந்தச் சில ஆண்டுகள். வெண்பைன் முதிர எண்பது, நூறு ஆண்டுகள் ஆகும். இன்று ஊசியிலை வழியாக நுழைந்த வித்தின் புண்ணையே மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் பார்ப்போம். தவறு தெரியவரும்போது ஒரு தலைமுறைக் கன்றுகள் போயிருக்கும்.

எனவே மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ் சட்டமன்றங்கள் இந்தச் சட்டங்களைக் கைவிடக் கூடாது. நியூயார்க்கும் கனெக்டிகட்டும் பிளாக்கரன்ட் தோட்டங்களைப் பதிவுசெய்து, ஒவ்வொரு கோடை முடிவிலும் இலைகளைச் சோதித்து, எந்தப் பூஞ்சை வகை எங்கே இருக்கிறது என்று வெளியிட வேண்டும். ஒற்றை மரபணுவை நம்பிய ரகங்களை நோய் தொடாதவை என்று விற்க நாற்றுப்பண்ணைகளை அனுமதிக்கக் கூடாது. பைன் தோப்பிலிருந்து ஒரு மைல் தள்ளி நடச் சொல்லும் பழைய விதி, தடை தளர்ந்த மாநிலங்களிலும் சட்டமாகத் திரும்ப வேண்டும். வெண்பைனுக்குத் தோட்டமும் இல்லை, சங்கமும் இல்லை. சட்டமன்றக் குழுக்களின் முன்னால் அதற்காக வந்து சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அந்தக் காட்டுக்கு அருகில் வாழ்பவர்கள்தான்.